நடுக்கண்

குறுக்கே இருபத்தொன்பது கண்.
நெடுக்கே முப்பத்தைந்து.
கன்வஸின் நடுக்கண்ணில் குண்டூசி குத்தி
அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று
சிஸ்டர் மெற்றில்டா சொல்லியிருந்தா.

நத்தாருக்கு நாற்பது மணிகள்,
கோயில் கூரையின் ஒழுக்கு நிற்க.
ஒன்று அறுநூறு ரூபா.
என் பங்குக்கு ஆறு; இது ஐந்தாவது.

உள்ளங்கைக்குள் அடங்கும் மணி.
உச்சியில் ஒரு சிவப்பு முடிச்சு,
இரண்டு பக்கமும் முள்ளிலை,
குருநகரில் எவரும் கண்டிராத இலை.
போட்டோக்கொப்பி கறுப்பு வெள்ளை.
கூட்டல் குறி என்றால் பச்சை,
வட்டம் சிவப்பு,
சரிகோடு பொன்மஞ்சள்,
ஒன்றும் இல்லாத கட்டம் வெள்ளை.
ஒன்றும் இல்லை என்று விட்டுவிட முடியாது,
அதையும் தைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

வெளியே வாடைக் கடல்.
மூன்று நாளாய்ப் படகுகள்
கட்டிப்போட்ட ஆடுகள் மாதிரி
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.
கிளமென்ற் சுவரில் முதுகு சாய்த்து
கால் பெருவிரலில் வலையைக் கொழுவி
இழுவைப்படகு தின்ற இடத்தை
முடிந்துகொண்டிருந்தார்.
அவருக்கும் எண்ணிக்கை, எனக்கும் எண்ணிக்கை.
யாராவது வாய் திறந்தால்
இரண்டு பேருக்கும் பிழைக்கும்.

திறந்தது ஜெனிற்றா:
"அம்மா, சீனி எங்கை?"
பதினேழா, பதினெட்டா?

ஆறு வரி தாண்டித்தான் தெரிந்தது.
மணியின் வலது விளிம்பு
இடதைவிட ஒரு கண் உள்ளே.
தூக்கிப் பிடித்தேன். திருப்பிப் பார்த்தேன்.
கொப்பில் தொங்கினால் தெரியாது என்று
என்னிடமே சொல்லிப் பார்த்தேன்;
நான் நம்பவில்லை.

"என்ன பெருமூச்சு?"
சொன்னேன்.
"வலையிலை கண் பிழைச்சால் மீன் போகும்.
உதிலை என்ன போகும்?"

பதில் வரவில்லை.
ஊசியின் காதுப்பக்கத்தால் கிளப்பிக் கிளப்பி
ஆறு வரியையும் உருவினேன்.
உருவிய நூல் நிமிரவில்லை;
கிடந்த வளைவெல்லாம் அதற்கு ஞாபகம்.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

போன் ரோச்சை ரம்ளருக்குள் நிறுத்தி
திரும்பவும் நடுக்கண்ணிலிருந்து,
இந்த முறை வாய்விட்டு.
பத்தாவதில் என்னை அறியாமல்
"பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று நாக்குப் போனது.
இழுத்துப் பிடித்துப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தேன்.
பதினேழு. பதினெட்டு.
விளிம்பு வந்து விளிம்புக்கு நேரே நின்றது.
அந்தச் சந்தோஷத்தில்
முள்ளிலை இரண்டையும் ஒரே இருப்பில் முடித்தேன்:
கூட்டல், கூட்டல், கூட்டல்.

"இஞ்சை ஒருக்கா வா.
இந்த வரியிலை எத்தினை கண் எண்டு எண்ணு.
எனக்கு வெளிச்சம் காணாது."

போன கிழமை உச்சி வெயிலிலும்
அவருக்கு வெளிச்சம் காணவில்லை.
எண்ணினேன். ஒன்று குறைந்தது.
மேல் வரியில் இரண்டு.
முழ அளவு வலை
ஒரு பக்கமாய்ச் சரிந்துகொண்டே போயிருந்தது.

மீன் போகும் என்று நான் சொல்லவில்லை.
தையல் உருவ வரும், வலைமுடிச்சு வராது.
கத்தியை எடுத்துவந்து கையில் கொடுத்தேன்.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.

இலை இரண்டும் நீலம்.
பச்சையும் நீலமும் ஒரே அட்டையில் சுற்றிக் கிடந்தவை.
எண்ணிக்கையில் ஒரு பிழை இல்லை,
ஒவ்வொரு கூட்டலும் அதனதன் கண்ணில்,
அவ்வளவும் நீலம்.

கிளமென்ற் சிரித்தார்.
வெட்டின நைலோன் துண்டுகள்
மடியிலிருந்து கொட்டக் கொட்டச் சிரித்தார்.
"உந்த இலையை இஞ்சை ஆர் கண்டது?
நீலமாயும் இருக்கும்."

சிஸ்டரிடம் இதைக் கொடுக்க மாட்டேன்.
அறுநூறை நானே போடுகிறேன்.
சவுக்குக் கொப்பு வந்ததும்
எங்கள் வீட்டில் தொங்கட்டும்,
வாசலுக்கு நேரே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரியில் கண் கிளினிக்.
விடிய ஐந்துக்கே போய் நின்றால்தான் நம்பர்.
இரண்டு எடுக்க வேண்டும்.